ஒரு துப்பறியும் கதைக்காரனின் நல்ல வாரம்

எழுத்தாளனுக்கு நல்ல வாரம் எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். பரிசு கிடைத்த வாரம் என்பார் ஒருவர். சினிமாக்காரர் வீடு தேடி வந்து முன்பணம் வைத்துவிட்டுப் போன வாரம் என்பார் இன்னொருவர். பழைய பாக்கிச் சன்மானம் வசூலான வாரத்தைக் காட்டிலும் நல்ல வாரம் உண்டா என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். எல்லாமே நல்ல வாரங்கள்தாம். வேண்டாமென்று சொல்ல நான் துறவி அல்ல. ஆனால் இவற்றில் ஒன்றாவது எழுத்தாளன் கையில் இருக்கிறதா? மழை வருவது போல இவை வரும். மழை பொய்ப்பது போலப் பொய்க்கும். மழை பெய்த வாரத்தை விவசாயி நல்ல வாரம் என்று சொல்லிக்கொள்ளட்டும். அவன் நல்ல விவசாயியா என்று பார்க்க வேண்டுமானால், உழுத வாரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நான் துப்பறியும் கதை எழுதிப் பிழைக்கிறவன். வாரம் ஓர் அத்தியாயம். கடைசி வரியில் யாராவது கதவைத் தட்ட வேண்டும், அல்லது விளக்கு அணைய வேண்டும். அதன் கீழே ‘தொடரும்’ என்று போட வேண்டும். இந்தத் தொழிலில் நல்ல வாரம் எது என்பதற்கு என்னிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. என் கதையில் வரும் ஓர் ஏழையின் கன்னத்தில் அறையாமல் உண்மையைக் கண்டுபிடித்த வாரம் எதுவோ, அதுவே நல்ல வாரம்.

இதென்ன விசித்திரமான அளவுகோல் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

தமிழில் துப்பறியும் கதை படிக்கும் எவருக்கும் தெரிந்த ஒரு காட்சியை நினைவூட்டுகிறேன். பங்களாவில் கொலை. பீரோவில் நகை இல்லை. வேலைக்காரி, தோட்டக்காரன், கார் டிரைவர், காவல்காரன் நால்வரும் கூடத்தில் வரிசையாக நிற்கிறார்கள். இன்ஸ்பெக்டர் டிரைவரைப் பார்த்து, “மரியாதையாகக் கேட்கிறேன், சொல்லிவிடு” என்கிறார். அவன் விழிக்கிறான். ‘பளார்’ என்று ஓர் அறை. அவன் சுருண்டு விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு, “சொல்லிவிடுகிறேன் ஐயா!” என்று அலறுகிறான். பிறகு அரைப் பக்கத்தில் முழுக் கதையும் வெளியே வந்துவிடுகிறது. பதினான்கு வாரமாக நாம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த முடிச்சை ஒரு ‘பளார்’ அவிழ்த்துவிட்டது!

கேட்கிறேன்: இதில் துப்பு எங்கே? துப்பறிந்தது மூளையா, உள்ளங்கையா? உள்ளங்கையே போதுமென்றால் முதல் அத்தியாயத்திலேயே அறைந்திருக்கலாமே! வாசகர் பதின்மூன்று வாரத்துப் பத்திரிகைக் காசை மிச்சம் பிடித்திருப்பாரே!

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அறை யார் கன்னத்தில் விழுகிறது? உயிலுக்காகக் காத்திருக்கும் மருமகன் கன்னத்தில் விழுவதில்லை. அவரிடம் இன்ஸ்பெக்டர், “சார், தாங்கள் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும்” என்கிறார். மருமகன் நாற்காலியில் உட்கார்ந்துதான் பதில் சொல்கிறார். நடுவில் காப்பி கூட வருகிறது. நின்றுகொண்டு பதில் சொல்கிறவனுக்குத்தான் அறை. நம் துப்பறியும் கதைகளில் எத்தனையோ சாதுரியங்கள் உண்டு. ஆனால் அறை விழும் இடத்தை மட்டும் எந்த வாசகராலும் முன்கூட்டியே சொல்லிவிட முடியும்.

இது சோம்பேறித்தனத்தின் வேலை. எப்படி என்பதைச் சொல்லத்தான் என் வாரம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அது பெரிய வாரம் ஒன்றும் அல்ல. பரிசும் இல்லை, சினிமாக்காரரும் வரவில்லை.

நான் எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையில் கும்பகோணத்துச் சந்து ஒன்றில் ஒரு பாட்டி கொலையுண்டு கிடக்கிறாள். வீட்டில் பாட்டியும், மாடியில் அவள் தம்பி மகனும் இருக்கிறார்கள். வீட்டு வேலை செய்யும் பெண் இரவு பத்து மணிக்குக் கடைசி பஸ்ஸில் சுவாமிமலைக்குப் போய்விட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்குத் திரும்புகிறாள். பஸ்ஸுக்காக நின்றபோது நன்றாக மழையில் நனைந்தாள் என்று இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். பத்து மணிக்குப் பிறகு வீட்டில் அரவமே இல்லை, அதற்கு முன்பே காரியம் முடிந்திருக்க வேண்டும் என்கிறான் தம்பி மகன். பழி அந்தப் பெண்ணின் மேல் விழுகிறது. பதின்மூன்றாம் அத்தியாயத்தின் கடைசியில் அவள் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறாள். தொடரும்!

திங்கட்கிழமை நான் ஒரு வரியும் எழுதவில்லை. துப்பறியும் கதைக்காரனுக்கு முதல் வேலை, தான் எழுதியதைத் தானே படிப்பது. என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் இருக்கிறது. இடப் பக்கத்தில், வாசகருக்கு இதுவரை சொன்னவை. வலப் பக்கத்தில், இன்னும் சொல்லாதவை. வலப் பக்கத்திலிருந்து எதையாவது கடைசி அத்தியாயத்தில் திடீரென்று எடுத்து நீட்டினால் அது மோசடி. கடைக்காரர் தராசின் அடியில் புளி ஒட்டுவதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் ஸ்டேஷனிலேயே நின்றுகொண்டிருந்தாள். வழி இல்லாமல் இல்லை. மிகச் சுலபமான வழி ஒன்று வாசலிலேயே காத்திருந்தது. ஒரு பெண் போலீஸ் ஓங்கி அறைகிறார். வேலைக்காரி, “சின்னையாதான் சொல்லச் சொன்னாரு” என்று கதறுகிறாள். நான்கு வரி. மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் எழுதி முடித்துவிடலாம். எழுதாமல் தூங்கப் போனேன்.

புதன்கிழமை கோலத்துக்கு வந்தேன். மூன்றாம் அத்தியாயத்தில், காலை ஏழரை மணிக்கு வந்த இன்ஸ்பெக்டர் வாசல் கோலத்தை மிதித்துக்கொண்டு உள்ளே போனார் என்று ஒரு வரி இருக்கிறது. வேண்டுமென்றே போட்டு வைத்த வரி. இரவெல்லாம் மழை பெய்திருந்தால் முதல் நாள் கோலம் எப்படி இருக்கும்? ஆகவே அது மழை விட்ட பிறகு போட்ட கோலம். அப்படியானால் பாட்டி விடியற்காலையில் உயிரோடு இருந்திருக்கிறாள். அப்போது அந்தப் பெண் சுவாமிமலையில்! கேட்பதற்குப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோலம் சாட்சிக் கூண்டில் நிற்குமா? என் மனைவியிடம் கேட்டேன்.

“ஓடுற தண்ணியில கோலப்பொடி நிக்காதுங்க. தண்ணி வடிஞ்சு வெறும் ஈரமா இருந்தா நல்லாவே ஒட்டும். அதுக்குத்தானே தண்ணி தெளிச்சுட்டுப் போடறோம்?” என்றாள். நான் மகிழ்ந்து பேனாவை எடுப்பதற்குள், “ஆனா அதைப் பக்கத்து வீட்டுப் பொண்ணு போட்டிருக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எந்த அரசாங்க வக்கீலும் இதைவிட நன்றாகக் குறுக்கு விசாரணை செய்திருக்க முடியாது. வியாழக்கிழமை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குப் போயிற்று. கடைசியில் விடை முதல் அத்தியாயத்திலேயே கிடந்தது. பாட்டிக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. சின்ன முக்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்துதான் கோலம் போடுவாள் என்று எழுதியிருந்தேன். வாசல் மண் தரை. மழை ஈரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தால் மூன்று குழிகள் விழுமல்லவா? போலீஸ்காரர் வாசலைப் படம் எடுத்ததும் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. என் துப்பறிவாளர் இப்போது அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். முக்காலி, மழை, கோலம், படம் எல்லாமே வாசகர் முன்னால் நான் ஏற்கெனவே வைத்தவை. வெள்ளிக்கிழமை எட்டுப் பக்கம் எழுதி முடித்தேன். அந்தப் பெண் ஸ்டேஷனை விட்டு நடந்து வெளியே போனாள். அவள் கன்னம் அவளிடமே இருந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். அறைக்கு நான்கு வரி, அரை மணி நேரம். கோலத்துக்கு ஐந்து நாள். சன்மானமோ இரண்டுக்கும் ஒன்றே! அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. உள்ளே இருப்பது துப்பா, அடியா என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் பார்ப்பதில்லை. அவசரத்தில் எழுதுகிறவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை.

சனிக்கிழமை பத்திரிகை அலுவலகத்திலிருந்து டெலிபோன் வந்தது. “சார், அத்தியாயம் நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் சூடு பத்தலை. ஸ்டேஷன்ல அந்தப் பொண்ணை ரெண்டு தட்டு தட்டியிருந்தா வாசகர்களுக்கு விறுவிறுன்னு இருந்திருக்குமே!” என்றார் உதவியாசிரியர். நல்ல மனிதர். தம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணை ‘அம்மா’ என்று கூப்பிடுகிறவர். அவர் அடிக்கச் சொன்னது யாரையும் அல்ல, ‘சூட்டுக்காக’ ஒரு பாத்திரத்தைத்தான். இப்படித்தான் நல்லவர்களின் வாயிலிருந்தே இந்தச் சூத்திரம் வருகிறது. “சூடு வேண்டுமானால் தம்பி மகன் குடிக்கும் காப்பியில் சேர்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். அத்தியாயம் அப்படியே அச்சுக்குப் போயிற்று.

இந்த நிலைமைக்கு யார் காரணம்? பத்திரிகைகளைக் குறை சொல்வது சுலபம். நான் முதலில் குறை சொல்வது நம் விமர்சகர்களை.

துப்பறியும் கதையைப் பற்றி அவர்களிடம் ஒரே ஓர் அபிப்பிராயம்தான் இருக்கிறது: அது இலக்கியம் அல்ல. சரி, வைத்துக்கொள்வோம். அது நல்ல துப்பறியும் கதையா, கெட்ட துப்பறியும் கதையா என்பதையாவது சொல்லக் கூடாதா? சொல்ல மாட்டார்கள். ரயிலில் படித்துவிட்டு எறிகிற சரக்குக்கு விமர்சனம் எதற்கு என்பார்கள். சாப்பாட்டுக் கடைகளில் பெரிய ஹோட்டலை மட்டும் சோதித்துவிட்டு, தெருவோரக் கடையில் எதை விற்றாலும் கேட்காத சுகாதார அதிகாரியை நாம் மெச்சுவோமா? தெருவோரக் கடையில்தானே அதிகம் பேர் சாப்பிடுகிறார்கள்? அவர்களுடைய அலட்சியம் எங்களைத் திருத்தவில்லை. எங்களுக்கு விடுமுறை கொடுத்துவிட்டது. ‘நாங்கள் என்ன இலக்கியமா எழுதுகிறோம்?’ என்று சொல்லிக்கொண்டு எங்களில் பலர் அந்த விடுமுறையிலேயே காலத்தைக் கழிக்கிறோம். விமர்சகர் மேட்டிலிருந்து இறங்குவதில்லை. கதைக்காரன் பள்ளத்திலிருந்து ஏறுவதில்லை. நடுவில் அறை வாங்குவது வேலைக்காரி.

இந்தக் கதை வகை நேற்று முளைத்ததல்ல. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. பதினைந்தே வருஷத்தில், 1894-இல், பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற துப்பறியும் நாவலைக் கொடுத்துவிட்டார். நாவலும் துப்பறியும் நாவலும் நம் மொழியில் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் பிறந்த குழந்தைகள். பிறகு ஆரணி குப்புசாமி முதலியார் வந்தார், ஜே. ஆர். ரங்கராஜு வந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ 1935-இலும், ‘திகம்பர சாமியார்’ 1950-இலும் சினிமாவாக வந்தன. தேவன், தமிழ்வாணன், சுஜாதா என்று அந்த வரிசை நீண்டது. கோயமுத்தூரில் இருந்துகொண்டே 1,500-க்கு மேற்பட்ட நாவல்கள் எழுதிய ராஜேஷ்குமார் வரை வந்துவிட்டது. நூற்றிருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாக இத்தனை பேர் படித்த ஒன்றைப் பற்றி, ‘இது இலக்கியம் அல்ல’ என்ற ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வது விமர்சனமா?

வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து எழுதுவதே கேவலம் என்று இன்னொரு கட்சி இருக்கிறது. உள்ளம் பொங்கினால்தான் பேனா எழும்ப வேண்டுமாம். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் 47 நாவல்கள் எழுதினார்; அவற்றில் பலவற்றைத் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதினார். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேஜைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை எழுதுவார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம் என்று டயரியில் கணக்கு வைத்திருந்தார். 1882-இல் அவர் இறந்து, மறு வருஷம் சுயசரிதம் வெளிவந்தபோது, இந்தக் கணக்கைப் படித்து இலக்கிய அன்பர்கள் பலர் முகம் சுளித்தார்கள். சுளித்தவர்களின் பெயர்கள் இன்று யாருக்கும் தெரியாது. டிரோலப்பின் நாவல்களை இன்றும் படிக்கிறார்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதப்பட்டதுதான். வாரம் என்பது எழுத்துக்கு விலங்கு அல்ல. வெண்பாவுக்குத் தளை எப்படியோ, தொடர்கதைக்கு வாரம் அப்படி. தளை தட்டினால் குற்றம் தளையுடையதா, புலவருடையதா?

ஆகவே எங்கள் அவசரத்தை நான் சாக்காகச் சொல்ல வரவில்லை. வாரக் கெடுவுக்குள்ளேயே நேர்மையாக எழுத முடியும். அதற்கு விதிகள் கூட உண்டு. 1929-இல் ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். துப்பறிவாளருக்குக் கிடைக்கும் துப்பு வாசகருக்கும் கிடைக்க வேண்டும். தற்செயலான விபத்து துப்பறிவாளருக்கு உதவக் கூடாது. பேய் பிசாசுகள் கூடவே கூடாது. வேடிக்கை என்னவென்றால், தேவனின் துப்பறியும் சாம்பு விபத்தாலேயே பேர் வாங்கியவன். அது விதியைத் தெரிந்துகொண்டு அதோடு விளையாடிய விளையாட்டு. வாசகரும் அதில் கூட்டாளி. நாக்ஸ் பாதிரியாரின் பத்தில் அறையைப் பற்றி ஒன்றும் இல்லை. தமிழுக்கு நான் பதினோராவது ஒன்றைச் சேர்ப்பேன்: அடியால் உண்மை வெளிவரக் கூடாது.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுகிறார். “ஐயா, நீர் கனவுலகத்தில் இருக்கிறீர். நிஜ ஸ்டேஷனில் அடிக்கத்தானே செய்கிறார்கள்? நடப்பதை எழுதினால் என்ன தப்பு?”

நல்ல கேள்வி. நடப்பதையே எழுதுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்; ஆனால் முழுவதையும் எழுதுங்கள். அடி வாங்குகிறவன் உண்மையைச் சொல்வதில்லை; அடிக்கிறவனுக்கு எது வேண்டுமோ அதைச் சொல்கிறான். இது இந்த மண்ணில் இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. சென்னை ராஜதானியில் நடந்த சித்திரவதைகளைப் பற்றி விசாரித்த கமிஷன் ஒன்று 1855-இல் அறிக்கை கொடுத்தது. அதில் ‘கிட்டி’ என்ற நம் தமிழ்ச் சொல் ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கிறது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பதற்குப் பெயர் கிட்டி. வரி வசூலுக்கும் அதுதான், குற்ற விசாரணைக்கும் அதுதான். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகச் சாட்சியமாக வைக்கக் கூடாது என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை முதல் தேதி அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதுச் சட்டம் வந்தது. பழைய விதி அதிலும் இருக்கிறது. ஆகவே ‘பளார்’ கேட்டதும் “சொல்லிவிடுகிறேன் ஐயா” என்று டிரைவர் சொன்னாரே, அந்த வாக்குமூலம் கோர்ட்டு வாசற்படியைக் கூடத் தாண்டாது. கதையின் கடைசியில் கொலையாளிக்குத் தண்டனை கிடைத்தது என்று எழுதுகிறோமே, எந்த ஊர் கோர்ட்டில்?

நிஜத்தில் துப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1952-இல் ஆளவந்தார் கொலை வழக்குச் சென்னையையே ஆட்டிவைத்தது. ரயிலில் போன டிரங்குப் பெட்டியில், மானாமதுரையில், தலையில்லாத உடல் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இறந்தவர் யாரென்று சொன்னது கைரேகையும் மருத்துவமும். கைரேகைச் சாஸ்திரத்துக்கு உலகிலேயே மிகப் பழைய அலுவலகங்களில் ஒன்று 1897-இல் கல்கத்தாவில் ஏற்பட்டது. இப்படிப்பட்ட தேசத்தில் இருந்துகொண்டு, நம் கதை இன்ஸ்பெக்டர்களுக்கு உள்ளங்கையில் ரேகை பார்க்கத் தெரியவில்லை. உள்ளங்கையால் அறையத்தான் தெரிகிறது!

“கதையைப் படித்துவிட்டு யாராவது போய் அடிக்கிறார்களா?” என்று நண்பர் விடாமல் கேட்கிறார். அடிப்பதில்லை. ஆனால் அடித்தார்கள் என்று செய்தி வரும்போது நாம் என்ன செய்கிறோம்? இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் போலீஸ் ஸ்டேஷனுக்குள் போயிருக்க மாட்டீர்கள். போயிருந்தாலும் பாஸ்போர்ட்டுக்காகவோ, பறிகொடுத்த பர்ஸுக்காகவோ போயிருப்பீர்கள், நாற்காலி போட்டிருப்பார்கள். அதன் உள்ளறையை உங்களுக்குக் காட்டியவர்கள் என்னைப் போன்ற கதைக்காரர்கள்தாம். அங்கே அடி விழும், அடித்தால் உண்மை வரும், அடி வாங்குகிறவன் அநேகமாகக் குற்றவாளி என்று வாரா வாரம் கற்றுக் கொடுத்தவர்கள் நாங்கள். 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். இருவரும் அடிபட்டு இறந்தார்கள். மத்தியப் புலனாய்வுத் துறை ஒன்பது போலீஸார் மேல் குற்றப் பத்திரிகை தாக்கல் செய்தது. அப்போது தமிழ்நாடு துடித்தது உண்மை. 1993-இல் நடந்த ஸ்டேஷன் கொடுமையை வைத்து 2021-இல் ‘ஜெய் பீம்’ படம் வந்தபோது வீட்டுக்கு வீடு அழுததும் உண்மை. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு வாரம் கதையில் இன்ஸ்பெக்டர் டிரைவரை அறைந்ததும், “பலே, சரியான ஆள்!” என்று நாமே சொல்கிறோம். அழுதவரும் நாம், கைதட்டியவரும் நாம். இந்த இரண்டையும் ஒரே மனத்தில் வசதியாகக் குடிவைத்தது யார்? கதைக்காரன்தான். அதனால்தான் அந்த நான்கு வரியை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

ஷெர்லக் ஹோம்ஸ் கதை ஒன்று 1892-இல் வெளிவந்தது. பந்தயக் குதிரை காணாமல் போகிறது. இரவில் நாய் குரைக்கவில்லை என்பதை முக்கியமான துப்பாக வைத்து ஹோம்ஸ் முடிச்சை அவிழ்க்கிறார். குரைக்காத நாய் ஒன்று போதும், கதை நூறு வருஷம் தாண்டி நிற்கிறது. நம் ஊரில் துப்புக்குப் பஞ்சமா? வாசலில் கோலம், கொடியில் காயும் வேஷ்டி, பால் பாக்கெட்டின் தேதி, பூக்காரி முழம் போட்ட கணக்கு, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிய எண். பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத் தெருவே சாட்சி. பார்க்கச் சோம்பினால்தான் கை ஓங்குகிறது.

அந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையை இன்னும் சொல்லவில்லை. கரூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதிய கடிதத்தைப் பத்திரிகையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். “முதல் நாள் இரவு மழை என்று இரண்டாம் அத்தியாயத்தில் எழுதினீர்கள். மூன்றாம் அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் கோலத்தை மிதிக்கிறார். மழையில் கோலம் எப்படி நின்றது? நீங்கள் மறந்துவிட்டீர்களா, நான் கண்டுபிடித்துவிட்டேனா?” என்று கேட்டிருந்தார். பதினான்காம் அத்தியாயம் அப்போது அச்சகத்தில் இருந்தது. என்னைவிட முன்னால் போய் உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கும் வாசகர்! “அம்மா, தாங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்” என்று ஒரு வரி பதில் எழுதினேன். சன்மானச் செக்கு அந்த வாரம் வரவில்லை. ஆனாலும் அதை நல்ல வாரம் என்றுதான் நோட்டுப் புத்தகத்தில் குறித்தேன்.

இப்படிப்பட்ட வாசகர்கள் இருக்கும்போது, வாசகர்கள் அறையைத்தான் கேட்கிறார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாசகர்கள் கேட்பது விறுவிறுப்பு. அதை எப்படிக் கொடுப்பது என்பது எங்கள் தொழில். சமையல்காரனுக்குச் சமைக்கத் தெரியாவிட்டால் மிளகாயை அள்ளிப் போடுவான். சாப்பிடுகிறவர் கண்ணில் தண்ணீர் வந்தால் ருசி என்று அர்த்தமா?

ஆகவே வாசக அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை துப்பறியும் கதை படிக்கும்போது, இன்ஸ்பெக்டரின் கை ஓங்கிய இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். இந்த இடத்தில் கதைக்காரனுக்கு என்ன துப்புக் கிடைக்கவில்லை என்று யோசியுங்கள். கிடைத்தால் ஒரு தபால் அட்டையில் எழுதி அவனுக்கே அனுப்புங்கள். அது நானாக இருந்தாலும் சரி, வேறு யாராக இருந்தாலும் சரி. விமர்சகர்கள் செய்யத் தவறியதை நீங்கள் செய்யலாம். அப்படி வாரத்துக்குப் பத்து அட்டை வந்தால் போதும். எந்தக் கதைக்காரனும் கையை ஓங்குமுன் வாசலில் கோலம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பான்.